எதிரியின் கப்பலில் ஹஜ் போனவர்

இப்னு ஜுபைர் ஊரைவிட்டுக் கிளம்பியதற்கு ஏழு கோப்பை மதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. அவர் ஸ்பெயினின் கிரனாடாவில் ஆளுநரின் எழுத்தர். அன்று அந்தப் பகுதி முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. நல்ல அரபி உரைநடைக்காரர், கவிதையும் எழுதுவார், மதுவைத் தொட மாட்டார். ஒருநாள் கடிதம் எழுத வரச்சொன்ன ஆளுநர் ஒரு கோப்பையை நீட்டியிருக்கிறார். "பழக்கம் இல்லைங்க" என்றிருக்கிறார் இவர். "அப்படியா, அப்ப ஏழு குடிச்சே ஆகணும்" என்று சொல்லிவிட்டார் அவர். அதிகாரி சொன்னால் குடிக்கத்தானே வேண்டும்? குடித்தார். பிறகு ஆளுநருக்கே மனசு கேட்கவில்லை. அதே கோப்பையை ஏழு தடவை பொற்காசால் நிரப்பிக் கொடுத்தார். அந்தக் காசில், குடித்த பாவம் தீர, மக்காவுக்குக் கிளம்பினார் இப்னு ஜுபைர்.

இது பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்த கதை. அவருடைய பயண நூலில் இது கிடையாது. நூல் நேராகக் கடலில்தான் தொடங்குகிறது.

1183 பிப்ரவரியில் கிரனாடாவை விட்டார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பம் கூட வரவில்லை, ஒரு மருத்துவ நண்பர் மட்டும். ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சியூட்டாவுக்கு வந்தபோது, அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கிளம்பத் தயாராக ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. இடம் கிடைத்தது. ஏறிவிட்டார். அது ஜெனோவாக்காரர்களுடைய கப்பல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இது சிலுவைப் போர்களின் காலம். ஜெருசலேம் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் கையில் இருக்கிறது. எகிப்தையும் சிரியாவையும் ஆளும் ஸலாஹுத்தீன் அதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெனோவாவின் கப்பல்கள்தான் சிலுவைப் போர்வீரர்களுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. அப்படிப்பட்ட கப்பலில் ஒரு முஸ்லிம் எழுத்தர் ஹஜ்ஜுக்குப் போகிறார், அதுவும் ஸலாஹுத்தீனின் துறைமுகத்துக்கு. இதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மத்தியதரைக் கடலை மேற்கிலிருந்து கிழக்கு வரை நீளவாக்கில் கடக்கக்கூடிய பெரிய கப்பல்கள் ஜெனோவா, பீசா, வெனிஸ்காரர்களிடம்தான் அதிகம் இருந்தன. பஸ் யாருடையது என்று பார்த்தா ஏறுகிறோம்? போர் ஒரு பக்கம், டிக்கெட் ஒரு பக்கம்.

நான் இந்த நூலை பிராட்ஹர்ஸ்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். எடுத்தது அலெக்ஸாண்ட்ரியா கலங்கரை விளக்கத்துக்காக. அது முழுதாக நின்ற காலத்தில் உள்ளே ஏறிப் பார்த்து எழுதியவர்களில் இவர் ஒருவர். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது கலங்கரை விளக்கம் இல்லை. அதற்குச் சில பக்கங்கள் முன்னால் வரும் ஒரு சுங்கச் சாவடியும், ஒன்றரை வருடம் கழித்து வரும் இன்னொரு சுங்கச் சாவடியும்தான்.

அலெக்ஸாண்ட்ரியா

அங்கே போய்ச் சேரும் முன்பே கடல் தன் வேலையைக் காட்டிவிட்டது. சார்டினியா தீவுப் பக்கம் பெரும் புயல். ஒருவழியாகத் தப்பி, தண்ணீரும் விறகும் ஏற்றத் தீவின் ஒரு துறையில் நங்கூரம் போட்டார்கள். அந்த ஊர் மொழி தெரிந்த முஸ்லிம் பயணி ஒருவர் கரைக்குப் போய்வந்து ஒரு செய்தி சொன்னார். சந்தையில் சுமார் 80 முஸ்லிம் கைதிகள், ஆணும் பெண்ணுமாக, விற்பனைக்கு நிற்கிறார்கள். இப்னு ஜுபைர் அதைக் குறித்துக்கொள்கிறார், அவர்களுக்காக இறைவனிடம் இரங்கிக் கேட்கிறார். கப்பல் கிளம்புகிறது. ஒரே கடல், ஒரே கரை, ஒரே மதத்துக்காரர்கள். கட்டணம் கொடுத்தவர் மேல்தளத்தில் நிற்கிறார், பிடிபட்டவர் சந்தையில் நிற்கிறார். இந்த வித்தியாசம் நூல் முழுக்கத் தொடரப்போகிறது.

30 நாள் பயணத்துக்குப் பிறகு, மார்ச் 26 அன்று அலெக்ஸாண்ட்ரியா. கடைசியில் நம்ம ஆட்கள் ஆளும் ஊர்! ஆனால் கப்பல் நின்றதும் முதலில் ஏறிவந்தவர்கள் சுல்தானின் அதிகாரிகள். ஒவ்வொரு முஸ்லிமாகக் கூப்பிட்டுப் பெயர், அங்க அடையாளம், ஊர் எழுதிக்கொண்டார்கள். கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு காசு என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் ஸகாத் கட்டச் சொன்னார்கள். ஸகாத் என்பது ஒரு வருடம் முழுக்கக் கைவசம் இருந்த செல்வத்துக்குக் கட்டவேண்டியது. வழிச்செலவுக்குக் கொண்டுவந்த காசுக்கு அதைக் கேட்டால்? ஒரு வருடம் ஆயிற்றா என்று அவர்கள் கேட்கவே இல்லை. மருத்துவ நண்பரைத் தனியாகக் கூட்டிப்போனார்கள். மேற்கே என்ன செய்தி, கப்பலில் என்ன சரக்கு என்று ஒவ்வொரு அதிகாரியிடமாக நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

பிறகு மூட்டைகளோடு எல்லாரையும் சுங்கச் சாவடிக்குள் தள்ளினார்கள். ஒரே நெரிசல். மூட்டைகளைக் கொட்டிக் கிளறினார்கள், ஒருவர் சாமான் இன்னொருவர் சாமானோடு கலந்தது, பல பொருட்கள் காணாமல் போயின. இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் தேடினார்கள். அதற்கும் மேலே, வேறு எதுவும் ஒளித்துவைக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஹஜ்ஜுக்கு வந்தவர்கள்! இப்னு ஜுபைருக்கு அவமானம் தாங்கவில்லை. ஆனால் அவர் எழுதுவதைக் கவனியுங்கள்: இது ஸலாஹுத்தீனுக்குத் தெரியாமல் நடக்கிறது, தெரிந்தால் அந்த நேர்மையான மனிதர் இதை நிறுத்திவிடுவார். 'மேலே இருக்கிறவர் நல்லவர், கீழே இருக்கிறவங்கதான் சரியில்லை' என்ற வாக்கியத்துக்கு 840 வயது ஆகிறது.

பாராட்டவேண்டியதையும் அவர் விடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஊரில் தங்குமிடம், படிக்க ஆசிரியர், குளியலறை, மருத்துவர்கள் உள்ள மருத்துவமனை எல்லாம் இருந்தன. மேற்கிலிருந்து வந்த ஏழைப் பயணிகளுக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டி தினமும் சுல்தானின் கணக்கில்.

கலங்கரை விளக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை அளந்து பார்த்தாராம், 50 பாகத்துக்கு மேல். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், நம்மூர்க் கடற்கரையில் இன்றும் புழங்குகிற அளவு. உயரம் 150 ஆள் உயரத்துக்கு மேல் என்று கேள்விப்பட்டதை எழுதுகிறார். அது மிகை. நூறு மீட்டருக்கு மேல் என்பது இன்றைய மதிப்பீடு. உள்ளே படிகளும் அறைகளும் வழி தப்பிப்போகிற அளவுக்கு இருந்தன. உச்சியில் ஒரு பள்ளிவாசல், அதில் தொழுதுவிட்டு இறங்கினார். 14ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்கள் அந்தக் கட்டடத்தை முடித்துவைத்தன. 15ஆம் நூற்றாண்டில் அதே இடத்தில் காயித்பே கோட்டை எழுந்தது. இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது கோட்டையைத்தான்.

அக்கோ

அங்கிருந்து நைல் வழியாக மேலேறி, பாலைவனம் கடந்து, செங்கடல் தாண்டி மக்கா. பிறகு மதீனா, பாக்தாத், மோசுல், அலெப்போ, டமாஸ்கஸ். அது தனிக் கட்டுரைக்கு உரியது. நமக்கு வேண்டியது கடல். ஊர் திரும்பக் கப்பல் பிடிக்க, 1184 செப்டம்பரில் டமாஸ்கஸிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு கிளம்பி, சிலுவைப் போர்வீரர்களின் முக்கியத் துறைமுகமான அக்கோவை நோக்கிப் போகிறார். பைபிளில் பித்தொலோமாய் என்று வருவது இந்த ஊர்தான். இன்று இஸ்ரேலின் வடக்குக் கரையில் இருக்கிறது.

அந்த மாதம்தான் ஸலாஹுத்தீனின் படை கிறிஸ்தவர்களின் ஊர்களைச் சூறையாடிவிட்டுத் திரும்பியிருந்தது. பிடிபட்ட கிறிஸ்தவர்கள் முஸ்லிம் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்க, அதே நேரத்தில் முஸ்லிம் வணிகர்கள் கிறிஸ்தவ நாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இதைவிட விசித்திரம் உண்டா என்று கேட்கிறார். போர்வீரர்கள் போரைப் பார்த்துக்கொள்கிறார்கள், வணிகர்கள் வணிகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், வரி இரண்டு பக்கமும் கட்டவேண்டும், அவ்வளவுதான்.

தலைக்கு இவ்வளவு என்ற வரியும் இருந்தது, ஆனால் எல்லாத் தலைக்கும் இல்லை. திப்னின் என்ற கோட்டையடியில் இப்னு ஜுபைரைப் போல மேற்கிலிருந்து வந்தவர்களை மட்டும் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தினாரும் ஒரு கீராத்தும் வாங்கினார்கள். மற்ற முஸ்லிம்களுக்கு அது இல்லை. ஏனாம்? முன்பு ஒருமுறை மேற்கத்தியர் சிலர் சுல்தான் நூருத்தீனோடு சேர்ந்து ஒரு கோட்டையைத் தாக்கினார்கள். அதற்கு இவர்கள் எல்லாரும் காலத்துக்கும் கட்டவேண்டும். எந்த ஊர் பாஸ்போர்ட் என்று பார்த்து வரிசையைப் பிரிக்கும் கவுன்ட்டர்களில் நின்றவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். எனக்குப் புரிந்தது.

திப்னினைத் தாண்டியதும் அவர் எழுதும் ஒரு பத்தி, சிலுவைப் போர் வரலாற்றைப் படிப்பவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது. வழியெல்லாம் முஸ்லிம் விவசாயிகளின் கிராமங்கள், ஆள்பவர்கள் கிறிஸ்தவர்கள். விளைச்சலில் பாதியும் தலைக்கு ஒரு தினார் ஐந்து கீராத்தும் கொடுத்துவிட்டால், வீடும் சொத்தும் நிர்வாகமும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே முஸ்லிம் நிலப்பிரபுக்களின் கீழ் இருக்கும் தங்கள் சொந்தக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து, இவர்களுக்கு மனசு மாறிக்கொண்டிருக்கிறது. நம்மவர் நம்மவரிடம் அநியாயத்துக்குப் புலம்புகிறார், எதிரியின் கீழ் இருப்பவர் நியாயம் இருக்கிறது என்கிறார், இது முஸ்லிம்களுக்கு வந்த பெரிய சோதனை என்று வருந்துகிறார். சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

பிறகு அக்கோவின் சுங்கச் சாவடி. முன் திண்ணையில் கிறிஸ்தவ எழுத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் பொன் அலங்காரம் செய்த கருங்காலி மைக்கூடுகள். அரபியில் பேசுகிறார்கள், அரபியில் எழுதுகிறார்கள். வணிகர்கள் சரக்கை இறக்கிவைத்தார்கள். சரக்கு இல்லாதவர்களின் மூட்டைகளையும் ஒளித்தது எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். எல்லாம் மரியாதையாக, கடுமை இல்லாமல் நடந்தது என்று எழுதுகிறார். அலெக்ஸாண்ட்ரியாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒரே எழுத்தர் கை இரண்டையும் எழுதியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வாசகரை விட்டுவிட்டார்.

இதே மனிதர் அக்கோவின் பெயரை எழுதும்போது அதைக் கடவுள் அழிக்கட்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். ஊரெல்லாம் பன்றியும் சிலுவையும் நாற்றமும் என்கிறார். ஆனால் தங்கியது கடலைப் பார்த்த ஒரு வீட்டில், ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் வாடகைக்கு எடுத்து. பைபிளின் தீரு பட்டணத்துக்குப் போனபோது ஒரு கிறிஸ்தவக் கல்யாண ஊர்வலத்தை நின்று பார்க்கிறார். மணப்பெண்ணின் பொன்னிழைப் பட்டு, தரையில் இழுபடும் நீண்ட பின்முனை, தலையில் பொன்வலை, அரைச் சாண் அரைச் சாணாக எடுத்துவைத்த நடை, எதையும் விடாமல் எழுதிவிட்டு, இந்தக் காட்சியின் மயக்கத்திலிருந்து இறைவன் காக்கட்டும் என்று முடிக்கிறார். வாய் சாபத்தை மறக்கவில்லை. கண் தன் வேலையை விடவில்லை. நான் இப்னு ஜுபைரை நம்புவது இதனால்தான். கண் பார்த்ததை வாய்க்கு ஏற்றபடி அவர் திருத்தவில்லை.

கப்பல்

திரும்பும் கப்பலும் ஜெனோவாக்காரர்களுடையதுதான். அக்டோபர் 6 அன்று ஏறியவர்கள் 18 வரை காற்றுக்காகத் துறைமுகத்திலேயே காத்துக் கிடந்தார்கள். மேற்கே போகக் கிழக்குக் காற்று வேண்டும். அது வசந்தத்தில் கொஞ்ச காலமும், அக்டோபர் நடுவிலிருந்து சுமார் 15 நாளும்தான் அடிக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

கப்பலில் ஜெருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பும் கிறிஸ்தவர்கள் 2000 பேருக்கு மேல் என்கிறார். முஸ்லிம்கள் தங்களுக்குத் தனி இடம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு யாத்திரையை முடித்த கூட்டமும் இன்னொரு யாத்திரையை முடித்த கூட்டமும் ஒரே மரத்தளத்தின் மேல். உள்ளே ஒரு ஊரே இருந்தது. ரொட்டி, தண்ணீர், மாதுளை, தர்ப்பூசணி, பேரிக்காய், வால்நட், கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு, அத்தி, பாலாடைக்கட்டி, மீன், காசு இருந்தால் எது வேண்டுமானாலும் கிடைத்தது.

சில நாள்தான் காற்று ஒத்துழைத்தது. பிறகு எதிர்க்காற்று. ஒரு இரவு பாய்மரம் பாதியில் முறிந்து, பாயோடு கடலில் விழுந்தது. நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களின் ஒரு பெருநாள் வந்தது. சின்னவர் பெரியவர் ஆண் பெண் எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி, கப்பல் முழுக்க வெளிச்சம், பாதிரியார்களின் தொழுகை, பிரசங்கம். ஒட்டவைத்த பாய்மரத்தோடு நடுக்கடலில் மிதந்த அந்த விளக்குக் கூட்டத்தை ஒரு ஹாஜி பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பக்கத்திலும் சிலர் இறந்தார்கள். உடல்கள் கடலுக்குப் போயின. கடலில் இறந்தவரின் உடைமை கப்பல் தலைவனுக்குச் சேரும் என்பது வழக்கம். வாரிசுக்கு எதுவும் போகாது. அதையும் சொல்கிறார்.

சில வாரப் பயணம் ஏறக்குறைய இரண்டு மாதமாக இழுத்தது. கையில் இருந்த உணவு தீர்ந்துபோனது. டிசம்பர் தொடக்கத்தில் சிசிலி தெரிந்தது. மெசினா நீரிணைக்குள் நுழைந்த இரவில் காற்று கப்பலைக் கரையோடு தள்ளியது. தரைதட்டி, சுக்கான் உடைந்தது. நங்கூரங்கள் பிடிக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் கதறினார்கள். மரணத்துக்குத் தயாராகி உட்கார்ந்திருந்தோம் என்கிறார். விடிந்ததும் கரையிலிருந்து படகுகள் வந்தன. படகுக்காரர்கள் பெரிய தொகை கேட்டார்கள். கையில் காசு இல்லாத ஏழை முஸ்லிம்கள் உடையும் கப்பலில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மெசினாவில் சிசிலி மன்னர் இரண்டாம் வில்லியம் இருந்தார். தன் போர்க்கப்பல் கட்டும் வேலையைப் பார்க்க வந்தவர். கப்பல் உடைவதைப் பார்க்கத் தானே வந்தார். ஏழை முஸ்லிம்கள் இறங்க முடியாமல் நிற்பது தெரிந்ததும், அவர்களுக்காக 100 தாரி காசு கொடுக்கச் சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள். மன்னர் மட்டும் அங்கே இல்லாவிட்டால் எங்கள் உடைமை கொள்ளை போயிருக்கும், முஸ்லிம்கள் அடிமைகளாகியிருப்பார்கள், அதுதான் அங்கே வழக்கம் என்று எழுதுகிறார். சார்டினியாச் சந்தையில் நின்ற 80 பேருக்கும் இவருக்கும் இடையே இருந்த தூரம், அந்தக் காலையில், 100 காசு.

சிசிலி

சிசிலியை முஸ்லிம்களிடமிருந்து நார்மன்கள் பிடித்து நூறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மன்னர் வில்லியம் அரபி படிப்பார், எழுதுவார். சமையல்காரர் முஸ்லிம், அரண்மனைப் பணியாளர்கள் முஸ்லிம்கள். 1169 நிலநடுக்கத்தின்போது அரண்மனை முழுக்க அல்லாஹ்வைக் கூப்பிடும் குரல் கேட்க, பயந்துபோன அவர்களிடம், அவரவர் அவரவர் கடவுளைக் கூப்பிடுங்கள் என்று மன்னர் சொன்னதாக ஒரு கதையை எழுதுகிறார். பலெர்மோவில் கிறிஸ்துமஸ் நாளில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரை அணிந்து, மருதாணியும் நறுமணமுமாகத் தேவாலயத்துக்குப் போனதைப் பார்க்கிறார். இதுவரை படித்தால் சிசிலி ஒரு சொர்க்கம். சுற்றுலா விளம்பரங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

அவர் நிறுத்தவில்லை. அரண்மனைப் பணியாளர் ஒருவர் ரகசியமாகக் கூப்பிட்டு, மக்காவிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று கேட்கிறார். உங்களால் நம்பிக்கையை வெளியே காட்ட முடிகிறது, நாங்கள் ஒளித்துவைத்து உயிரைக் காக்கிறோம் என்கிறார். வீடுகளில் வேறொரு பயம். அப்பா திட்டினால் மகன், அம்மா கோபித்தால் மகள், கோபத்தில் தேவாலயத்துக்குள் ஓடி ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் முடிந்தது, திரும்பக் கிடையாது. பெற்றவர்கள் பிள்ளைகளைக் கண்டிக்கப் பயந்துகொண்டே வளர்க்கிறார்கள்.

ட்ராப்பனி துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது அபுல் காசிம் இப்னு ஹம்மூத் வருகிறார். சிசிலி முஸ்லிம்களின் தலைவர், பரம்பரைப் பெரிய வீடு. மேற்கத்திய முஸ்லிம் அரசோடு ரகசியத் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் சொத்தெல்லாம் இழந்து, பிறகு மன்னிக்கப்பட்டு, அதே அரசுக்கு வேலை செய்பவர். அவர் சொன்னது: நானும் என் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டால்கூடத் தேவலை என்று ஆசைப்பட்டிருக்கிறேன், வாங்குபவர் எங்களை முஸ்லிம் நாட்டுக்குக் கொண்டுபோவார் இல்லையா? அடிமைச் சந்தைக்குப் பயந்து இறங்கிய பயணியிடம், அடிமைச் சந்தையே ஒரு கப்பல் டிக்கெட்டாகத் தெரிகிறது என்கிறார் அந்த ஊர்ப் பெரிய மனிதர்.

அதே ஊரில் இன்னொரு செல்வாக்கான மனிதர் தன் மகனை அனுப்பி, பயணிகளில் ஒருவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். என் சின்னப் பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். பிடித்தால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊரில் யாருக்காவது கட்டிக்கொடுங்கள். அவள் இங்கிருந்து போனால் போதும். தாயில்லாப் பெண். அண்ணன்களையும் குட்டித் தங்கையையும் விட்டுப் போகவேண்டும். அவளிடம் கேட்டபோது, என்னைத் தடுத்தால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாதவர் கையில் பெற்ற பெண்ணைக் கொடுக்க ஒருவரைத் தள்ளுவது எது என்று இப்னு ஜுபைர் திகைத்து நிற்கிறார்.

இரண்டு வருடத்தில் அவருக்கு நேராத இடைஞ்சல் இல்லை. புயல், சோதனை, அநியாய வரி, பட்டினி, கப்பல் உடைவு. எல்லாவற்றிலும் அவர் இறங்கிப் போகிறவராக இருந்தார். ட்ராப்பனியில்தான் இறங்க முடியாதவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அங்கிருந்து பின்னால் திரும்பிப் பார்த்தால், மரியாதையான அக்கோ சுங்கச் சாவடியும், 100 காசு கொடுத்த மன்னரும் பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் அவை பயணிக்குக் கிடைத்தவை. மன்னரின் இரக்கத்தில் ஒருமுறை கரையேறுவதும், அந்த இரக்கத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பதும் ஒன்றில்லை. மன்னர் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி குடியிருப்பவருக்கு மட்டும்தான்.

1185 ஏப்ரலில் இப்னு ஜுபைர் கிரனாடா வந்து சேர்ந்தார். ஸலாஹுத்தீன் 1187-ல் ஜெருசலேமைப் பிடித்த செய்தி கேட்டதும் மறுபடி கிழக்கே கிளம்பினார். மூன்றாவது பயணத்தில், 1217-ல், இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் தேடிய அதே அலெக்ஸாண்ட்ரியாவில் இறந்தார்.

மன்னர் வில்லியம் 1189-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள், பலர் மலைகளுக்கு ஓடினார்கள். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், அவரும் அரபி அறிந்தவர், மிஞ்சிய முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடத்தி, இத்தாலியின் உள்நாட்டில் லூசேரா என்ற ஊரில் குடியேற்றினார். 1300-ல் அந்த ஊர் கலைக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். வாங்கியவர்கள் யாரும் அவர்களை முஸ்லிம் நாட்டுக்குக் கொண்டுபோவதற்காக வாங்கவில்லை.